ரேடியோ அடங்கிய பிறகு 15 நொடி

அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். ஆட்டம் பார்ப்பவர்கள் கவனித்திருப்பார்கள்: தடுப்பாட்டக்காரர்களில் ஒருவருடைய ஹெல்மெட்டின் பின்பக்கம் மட்டும் பச்சைப் புள்ளி ஒட்டியிருக்கும். உள்ளே ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. 2008இல்தான் தடுப்பணிக்கு இந்த வசதி கிடைத்தது. பெரும்பாலான அணிகளில் அதைப் போட்டுக்கொள்பவர் நடு லைன்பேக்கர், அதாவது தடுப்பணியின் முன்வரிசைக்குப் பின்னால் நடுவில் நிற்பவர். பயிற்சியாளர் சொல்வது காதில் விழும். இவர் திருப்பிப் பேச முடியாது. அடுத்த ஆட்டத்தைத் தொடங்குவதற்கான கடிகாரம் 40 நொடியிலிருந்து இறங்கி 15ஐத் தொட்டதும் இணைப்பு அறுந்துவிடும். அதற்குப் பிறகு எதிரணி ஆளை இடம் மாற்றினாலும், அவர்கள் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் நின்ற இடத்திலேயே திட்டத்தை மாற்றிக் கத்தினாலும், பதில் சொல்ல வேண்டியவர் இவர் ஒருவர்தான்.

லைன்பேக்கர் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது மோதல். மோதல் அரை நொடியில் முடிந்துவிடுகிறது. இந்தத் தொழிலில் பத்து வருடம் நிலைப்பவரையும் இரண்டாவது வருடம் ஆகஸ்ட் ஆட்குறைப்பிலேயே பெட்டி கட்டுபவரையும் பிரிப்பது பெரும்பாலும் அந்த 15 நொடியும், பந்து நகர்ந்த முதல் நொடியும்தான்.

முதலில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். நடுவில் நிற்பவர் மைக். எதிரணியின் டைட் எண்ட் (முன்வரிசையின் ஓரத்தில் நின்று முட்டவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்) நிற்கிற, ஆள்பலம் கூடிய பக்கத்துக்காரர் சாம். மறுபக்கம் வில். மூவரும் தங்கள் முன்வரிசைக்குப் பின்னால் நான்கைந்து கஜத் தூரத்தில் நிற்பார்கள். எதிரே எதிரணியின் ஐந்து லைன்மேன்கள்: நடுவில் சென்டர், அவருக்கு இரு புறமும் கார்டு, வெளியே டேக்கிள். சென்டருக்கும் கார்டுக்கும் நடுவே இருக்கும் சந்து ஏ, அடுத்தது பி, அதற்கடுத்தது சி. ஒவ்வொரு சந்துக்கும் ஒரு பொறுப்பாளி உண்டு. ஒருவர் தன் சந்தை விட்டுவிட்டால், மற்ற பத்துப் பேரும் சரியாக ஆடியும் பந்து அந்த வழியே போய்விடும்.

மைக் பார்க்க வேண்டியது பந்தை அல்ல, கார்டை. புதிதாக வருபவர்களுக்கு இதைப் பழக்குவதுதான் பெரும்பாடு. கல்லூரி வரைக்கும் தங்கள் வேகத்தை நம்பிப் பந்தைத் துரத்தியவர்கள் அவர்கள். பந்தை வைத்திருப்பவர் ஏமாற்றுவதற்கென்றே பழகியவர். 140 கிலோ எடையுள்ள கார்டால் அவ்வளவு லேசாக ஏமாற்றிவிட முடியாது. அவர் தரையில் ஊன்றிய கையைப் பாருங்கள். விரல் கணுக்கள் வெளுத்திருந்தால் உடல் எடை முன்னே சாய்ந்திருக்கிறது, ஓட்டமாக இருக்கலாம். குதிகாலில் உட்கார்ந்தாற்போல இருந்தால், பின்வாங்கிக் குவார்ட்டர்பேக்கைக் காக்கப்போகிறார் என்று கொள்ளலாம். இதை மட்டும் நம்பிக் கால் எடுத்துவைக்கக் கூடாது. நல்ல லைன்மேன்கள் எப்போதும் ஒரே மாதிரி ஊன்றப் பழகியிருப்பார்கள்.

ஸ்னாப் ஆனதும், அதாவது சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கியதும், லைன்பேக்கர் வைக்கும் முதல் அடி ஆறு அங்குலம் இருந்தால் போதும். அந்த அடி இடத்தைப் பிடிப்பதற்காக அல்ல, பார்ப்பதற்காக. கார்டின் தலை தாழ்ந்து நேரே வந்தால் ஓட்டம் தன்மேல் வருகிறது. தலை நிமிர்ந்து பின்னால் போனால் பாஸ், பந்து வீசப்படப்போகிறது. வரிசையை விட்டு விலகிப் பக்கவாட்டில் ஓடினால் அவர் பின்னாலேயே போக வேண்டும். பந்து அங்கேதான் வரும். கவுண்டர் என்ற ஆட்டம் இதற்கு நல்ல பாடம். பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் இரண்டு அடி ஒரு திசையில் வைத்துவிட்டு மறுதிசைக்குத் திரும்புவார். அவரைப் பார்த்த லைன்பேக்கர் தவறான பக்கம் போயிருப்பார். கார்டைப் பார்த்தவர் சந்தின் வாசலில் காத்திருப்பார்.

பிளே ஆக்‌ஷன் வரும்போது இந்தக் கணக்கு சிக்கலாகும். ஓட்டம் போலவே காட்டிவிட்டுப் பாஸ் வீசுவது அது. சில அணிகள் கார்டையே விலக்கி ஓடவைத்து அவரையும் பொய் சொல்ல வைக்கின்றன. அப்படியும் ஒரு துப்பு மிஞ்சுகிறது. முன்னோக்கிப் பாஸ் வீசும் ஆட்டத்தில், பந்து கையை விட்டுப் போகும்வரை லைன்மேன்கள் ஆட்டம் தொடங்கிய கோட்டுக்கு அப்பால் ஒரு கஜத்துக்கு மேல் வரக் கூடாது என்பது என்.எஃப்.எல். விதி. கல்லூரியில் மூன்று கஜம். ஆகவே தலையைத் தாழ்த்தி முட்ட வந்த லைன்மேன் கோட்டருகிலேயே தயங்கி நின்றால், அது ஓட்டமாக இருப்பது அரிது. அந்தத் தயக்கத்தைப் படிக்கத் தெரிந்தவர் உடனே திரும்பிப் பத்துப் பன்னிரண்டு கஜம் பின்னே ஓடிப் பாஸ் வரும் பாதையை அடைக்கிறார். தெரியாதவரின் தலைக்கு மேலே பந்து பறந்துவிடுகிறது. மறுநாள் வீடியோவில் எல்லோரும் பாஸ் பிடிப்பவரைக் காவல் காக்கும் கார்னர்பேக்கைக் குறை சொல்வார்கள்; பயிற்சியாளர் லைன்பேக்கரின் காலடியில் படத்தை நிறுத்துவார்.

இனி உடம்பு. 105 கிலோ ஆள் 140 கிலோ கார்டை எதிர்கொள்ளும்போது பலத்தால் வெல்ல முடியாது, உயரத்தால்தான் முடியும். அவருடைய தோள் கவசத்துக்குக் கீழே கையைக் கொடுத்து, நெஞ்சை நிமிர்த்தி, தன் சந்துப் பக்கத்துத் தோளை விடுவித்து வைத்துக்கொள்ள வேண்டும். அவரைச் சுற்றிக்கொண்டு போனால் சுலபமாகத் தெரியும், செய்பவர்கள் நிறைய. அப்படிச் சுற்றிப் போகிற இடைவெளியில்தான் ரன்னிங் பேக் நுழைகிறார்.

டேக்கிள் செய்யும்போது, அதாவது பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தும்போது, கண் போக வேண்டிய இடம், ஓடுபவரின் தன் பக்கத்து இடுப்பு. கபடியில் கையாட்டத்தைப் பார்த்து ஏமாறாதே என்பார்களே, அதே கணக்கு. தலையும் தோளும் எவ்வளவு வேண்டுமானாலும் பொய் சொல்லும், இடுப்பு போகிற திசைக்குத்தான் உடம்பு போகும். நெருங்கியதும் அடிகளைச் சிறிதாக்கி, அவருக்கு மிக அருகே காலை ஊன்றி, அதே பக்கத்துத் தோளால் அணைத்து, இரு கையாலும் கட்டி, கால்களை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முகம் மேலே இருக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதை நூறு தடவை சொன்னாலும் தகும். கழுத்தெலும்புத் தொடருக்கு இயல்பாக ஒரு வளைவு உண்டு. அடி விழும்போது அது வில் போல வளைந்து வேகத்தை வாங்கிக்கொள்கிறது. தலையைக் குனிந்தால் வளைவு போய்த் தொடர் நேர்க்கம்பாகிவிடும். உச்சந்தலையில் விழும் அடி முழுதும் எலும்பின் நெடுக இறங்கும். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் ரயன் ஷேஸியர் 2017 டிசம்பரில் சின்சினாட்டியில் ஒரு டேக்கிளுக்குப் போகையில் தலை தாழ்ந்தது. தண்டுவடம் காயப்பட்டது. நீண்ட சிகிச்சைக்குப் பிறகு அவர் நடந்தார், மறுபடி ஆடவில்லை. 2018இலிருந்து தலையைத் தாழ்த்தி ஹெல்மெட்டால் மோதுவதே தவறு என விதி வந்தது. 2024இல், பிடித்து இடுப்பைத் திருப்பி ஓடுபவரின் காலில் எடையைப் போடும் டேக்கிளும் தடையானது. பல வருடம் கையில் ஊறிய பழக்கத்தை ஒரு கோடையில் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

மாற்றிக்கொள்ளப் பயிற்சி நேரமும் குறைவு. வீரர் சங்க ஒப்பந்தப்படி ஒரு பருவத்தின் 17 ஆட்டங்களுக்கு நடுவே கவசமணிந்த முழுப் பயிற்சி 14 முறைதான். உடம்புக்கு இது நல்லது, இதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் செப்டம்பரில் தவறிப்போகும் டேக்கிள்களுக்கு இதிலும் ஒரு பங்கு உண்டு. ஆகவே வாரம் பெரும்பாலும் திரைக்கு முன்னால் கழிகிறது. திங்கள் வீடியோவும் சிகிச்சையும். செவ்வாய் விடுப்பு என்று பெயர். நல்ல மைக் அன்றைக்குத்தான் அடுத்த எதிரணியைத் தொடங்குகிறார். பத்து கஜம் முன்னேற எதிரணிக்குக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகள்தான் டவுன்கள். புதனன்று முதல் இரண்டு டவுன்கள், வியாழன் மூன்றாவது டவுன், வெள்ளி கோல் கோட்டுக்கு முந்தைய 20 கஜம், சனி மெதுநடைப் பயிற்சி. படிக்க வேண்டியது இவ்வளவுதான்: எந்த டவுன், இன்னும் எத்தனை கஜம், எத்தனை டைட் எண்ட் களத்தில், பந்து களத்தின் எந்தப் பக்கம். இந்த நான்கும் தெரிந்தால் எதிரணியின் நூறு ஆட்டத் திட்டங்கள் ஐந்தாறாகச் சுருங்கிவிடும். கரோலைனா பாந்தர்ஸின் லூக் கீக்லி ஸ்னாப்புக்கு முன்பே எதிரணியின் ஆட்டத்தைச் சொல்லித் தன் ஆட்களை நகர்த்தியது இப்படித்தான். அதைப் பார்த்து மந்திரம் என்றார்கள். அத்தனையும் வாராவாரம் உட்கார்ந்து படித்த படிப்பு.

வேலை சுருங்கியும் வருகிறது. பாஸ் பெருகியதால் மூன்றாவது லைன்பேக்கரை வெளியேற்றி பாஸைத் தடுக்கும் பின்வரிசையில் ஐந்தாவது ஆளைக் கொண்டுவரும் நிக்கல் அமைப்பு இன்று அன்றாடமாகிவிட்டது. சாமின் இடம்தான் முதலில் போனது. மாற்று லைன்பேக்கர்கள் அணியின் இறுதி 53 பேர் பட்டியலில் தங்குவது பந்தை உதைத்து அனுப்பும் கிக் ஆஃப், பண்ட் ஆட்டங்களை நம்பித்தான். ஆகஸ்ட் முடிவில் 90 பேர் 53 ஆகும்போது, ஐந்தாவது லைன்பேக்கரைப் பற்றிக் கேட்கப்படும் முதல் கேள்வி பண்ட்டைத் துரத்துவாரா என்பதே.

பணமும் சொல்வது போல நிலையானதல்ல. 2025இல் புதியவருக்குக் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 8,40,000 டாலர். கேட்கப் பெரிய தொகை. ஆனால் அடிப்படைச் சம்பளம் பெரும்பாலோருக்கு உத்தரவாதமில்லை. வெளியேற்றப்பட்ட நாளோடு நின்றுபோகும். ஓய்வூதியத்துக்கு மூன்று பருவம் கணக்கில் சேர வேண்டும், ஒப்பந்தம் முடிந்து எந்த அணியோடும் தடையின்றிப் பேச நான்கு. இந்த எண்களுக்குக் கீழே முடிந்துபோகிறவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

லைன்பேக்கர் லண்டன் ஃப்ளெட்சர் 1998இல், புதிய வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் யாராலும் எடுக்கப்படாமல், ஓஹாயோவில் ஜான் கேரல் என்ற சிறு கல்லூரியிலிருந்து வந்தவர். உயரம் ஐந்தடி பத்து அங்குலம். 16 பருவங்களில் 256 ஆட்டங்கள், ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. மறுபுறம் கீக்லி 28 வயதில், 2020 ஜனவரியில், எட்டுப் பருவங்களோடு நிறுத்திக்கொண்டார். இடையில் தலையடிகள் பல. சான் பிரான்சிஸ்கோவின் கிறிஸ் போர்லண்ட் 2015இல் ஒரே பருவத்தோடு, 24 வயதில், தலைக்காயத்தின் நீண்டகால ஆபத்தைக் கருதி விலகினார். ஜூனியர் சியாவ் 20 பருவம் ஆடி 2012இல் 43 வயதில் இறந்த பிறகு, அவர் மூளையில் சி.டி.ஈ. என்ற மூளைச் சிதைவு நோய் இருந்தது உறுதியானது. போர்லண்டின் முடிவைக் கோழைத்தனம் என்றவர்கள் உண்டு. அந்த வயதில், அந்தச் சம்பளத்தை விட்டுத் தன் தலையைத் தானே கணக்குப் பார்த்தவரைவிட இந்தத் தொழிலைத் தெளிவாகப் படித்தவரை எனக்குத் தெரியவில்லை.

பச்சைப் புள்ளிக்காரருக்கு இங்கே தனியாக ஒரு சோதனை இருக்கிறது. தலை கிறுகிறுத்தாலும், நான் போனால் யார் கூப்பிட்டுச் சொல்வது என்று அவர் நினைப்பார். அந்த நினைப்புக்கு இடமே வேண்டாம். ஸ்பீக்கர் வைத்த இன்னொரு ஹெல்மெட் மாற்று வீரருக்காகத் தயாராக இருக்கிறது, மாட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். அரங்கின் மேலே திரைகளைப் பார்த்துத் தள்ளாடும் வீரர்களைக் கண்டுபிடிக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் நடை தடுமாறாமல் பேச்சு மட்டும் தடுமாறினால் மேலேயிருந்து தெரியாது. வலப்பக்கம் என்று சொல்ல வேண்டியபோது இடப்பக்கம் என்பார், வழக்கமாகப் பத்தாவது நொடியில் வரும் குரல் மூன்றாவது நொடியில் வரும். அதை முதலில் கேட்பவர் அவருக்குப் பின்னால், கடைசிக் காவலாக நிற்கும் சேஃப்டி. கேட்ட உடனே பெஞ்சைப் பார்த்துக் கையைத் தூக்க வேண்டியவரும் அவர்தான்.