மண்வெட்டி வரப்பில்தான் கிடந்தது

வாய்க்கால் தகராறில் அடிபட்டு என் தம்பி இறந்தது 2019 ஆகஸ்டில். புகார் எழுதிக் கொடுத்தவள் நான். அதனால் அ.சா.1, அரசு தரப்பின் முதல் சாட்சி. கூண்டில் ஏற மூன்றரை ஆண்டுகள் ஆயின. குற்றப்பத்திரிகை, நடுவர் நீதிமன்றத்திலிருந்து அமர்வு நீதிமன்றத்துக்கு மாற்றம், கொரோனா, அப்புறம் வாய்தா மேல் வாய்தா.

சாட்சியத்துக்கு முதல் நாள் அரசு வழக்கறிஞர் என் போலீஸ் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161-ஆவது பிரிவின்படி எழுதப்பட்ட அதில் நாம் கையெழுத்துப் போடுவதில்லை. நான் சொல்லாத ஒரு வரி அதில் இருந்தது: எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், தன் வீட்டுக்குப் போய் மண்வெட்டி எடுத்து வந்தார் என்று. "இதை நான் சொல்லவில்லை சார். மண்வெட்டி வரப்பில்தான் கிடந்தது" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "பார்த்ததை மட்டும் சொல்லுங்கள் அம்மா" என்றார். அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

மறுநாள் சாக்கைப் பிரித்து, அட்டை கட்டிய சான்றுப்பொருளை அடையாளம் காட்டச் சொன்னார்கள். பிடி வழுக்காமலிருக்க என் தம்பி சுற்றிய பழைய சைக்கிள் டியூப் அப்படியே இருந்தது.

குறுக்கு விசாரணை ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. 'நான் சம்பவ இடத்தில் இல்லை என்றால் சரியல்ல', 'முன்விரோதத்தால் பொய் சொல்கிறேன் என்றால் சரியல்ல' என்றே என் பதில்கள் தட்டச்சாகிக்கொண்டிருந்தன. திடீரென்று எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் குரல் தணிந்தது.

"மண்வெட்டி யாருடையது?"

"என் தம்பியுடையது."

"எங்கே இருந்தது?"

"வரப்பில்."

"எத்தனை அடி விழுந்தது?"

"ஒன்று."

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நீதிபதி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அந்தக் கேள்விகளின் கனம் பிறகுதான் புரிந்தது. அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302-ஆவது பிரிவில் கொலைக்குத் தண்டனை ஆயுள் அல்லது மரணம். ஆனால் 300-ஆவது பிரிவின் நான்காம் விதிவிலக்கு, முன்திட்டம் இல்லாமல், திடீர்ச் சண்டையின் ஆத்திரத்தில், கொடூரம் காட்டாமல் நடந்ததைக் கொலையாகக் கருதுவதில்லை. அப்போது 304, கொலையாகாத மரணத்துக்கான பிரிவு. கொல்லும் நோக்கம் இல்லை, சாவு நேரலாம் என்ற அறிவு மட்டுமே இருந்தது என்றால் அதன் இரண்டாம் பகுதி. அதிகபட்சம் 10 ஆண்டுகள்.

தீர்ப்பு 2024 செப்டம்பரில் வந்தது. ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா அமலில் இருந்தாலும், சம்பவம் முந்தையது என்பதால் பழைய சட்டமே பொருந்தியது. 304 இரண்டாம் பகுதி, ஏழு ஆண்டுகள்.

"ஒரே அடி என்று நீ ஏன் சொன்னாய்?" என்று அம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

குறைந்த குற்றத்துக்குத் தண்டித்தால் பாதிக்கப்பட்டவர்களே மேல்முறையீடு செய்யலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 372-ஆவது பிரிவில் 2009 இறுதியில் நடைமுறைக்கு வந்த உரிமை இது. அரசு போகாவிட்டாலும் நாம் போகலாம். அதற்காகத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்கினேன். மற்ற இரண்டு சாட்சிகள் பிறழ்ந்துவிட்ட நிலையில் என் சாட்சியம் ஒன்றை வைத்தே தண்டித்திருந்தார் நீதிபதி. தனக்குப் பாதகமானதையும் அ.சா.1 மறைக்கவில்லை, ஆகவே நம்புகிறேன் என்று அதில் எழுதியிருந்தார்.

அந்தப் பத்தியை அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். மேல்முறையீட்டைப் பற்றி யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.