அத்தை தண்ணீரைக் குறைத்திருக்கிறார்

டிசம்பர் 4, ஏற்காடு
மதியத்துக்கு மேல் அத்தை டம்ளரைத் தொடுவதே இல்லை. இன்று கேட்டேவிட்டேன். "குடிச்சா துணியெல்லாம் நனைஞ்சு போகுது கண்ணு, உனக்குத்தானே வேலை" என்றார். மனசு கனத்துப்போனது. சிறுநீர் அடர்மஞ்சளாக, நெடியோடு போகிறது. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தும். அவசரம் கூடத்தான் செய்யும். பகலில் நன்றாகக் குடித்துவிட்டு, படுக்கப்போகும் நேரத்தில் மட்டும் குறைத்தால் போதும். காபியும் சாயங்காலத்துக்கு மேல் வேண்டாம். காப்பித் தோட்டத்து ஊரில் அதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் கஷ்டம்.

டிசம்பர் 6
குளிரில் யாருக்கும் அடிக்கடி போகும், அத்தைக்குக் கேட்கவே வேண்டாம். "வருதா?" என்று கேட்டால் இல்லை என்பார். அதனால் இரண்டு மணிக்கொரு தடவை "வாங்கத்தை, ஒரு நடை போயிட்டு வந்துடலாம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறேன். பகலில் நனைவது குறைந்திருக்கிறது.

டிசம்பர் 9
நேற்று ராத்திரி சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தார். காய்ச்சல் இல்லை. வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று இப்படித் திடீர்க் குழப்பமாகவும் வரலாம் என்பதால் காலையிலேயே சேலத்துக்கு இறங்கினோம். 20 கொண்டை ஊசி வளைவு. டயப்பர், மாற்றுப்புடவை, ரப்பர் விரிப்பு எல்லாம் பையில். தொற்றுதான். மாத்திரை கொடுத்தார்கள். பிரஷருக்குச் சாயங்காலம் போடும், சிறுநீரை அதிகம் போகவைக்கும் நீர் மாத்திரையையும் டாக்டர் காலைக்கு மாற்றினார். இனி ராத்திரி எழுவது குறையுமாம்.

டிசம்பர் 12
தொடையிடுக்கு சிவந்திருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஜிங்க் ஆக்சைடு களிம்பை மெல்லிசாகத் தடவுகிறேன். பவுடர் வேண்டாம், ஈரத்தில் திரண்டு உறுத்தும். நனைந்த டயப்பரை உடனே மாற்றிவிட வேண்டும், காசு பார்க்கக் கூடாது.

டிசம்பர் 15
வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் கூடத்தில் எல்லார் முன்னாலும், "இன்னும் டயப்பர்தானா?" என்றார். அத்தை தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, இனி அப்படிக் கேட்காதீங்க என்று நேராகவே சொன்னேன். இந்தக் கூச்சத்தில்தானே அத்தை தண்ணீர் குடிப்பதையே விட்டார்?

டிசம்பர் 18
பேச்சு தெளிந்துவிட்டது. சிறுநீரும் வெளுத்திருக்கிறது. மலச்சிக்கல் மட்டும் பாக்கி. குடலில் மலம் இறுகினால் அதுவும் சிறுநீர்ப்பையை அழுத்தும். கீரை, பப்பாளி கொடுத்துப் பார்க்கிறேன். கழிப்பறைச் சுவரில் கைப்பிடி வைக்க நாளைக்கு ஆள் வருகிறார்.