தகரப் பெட்டியில் 28 டைரிகள்

சேர்வராயன் மலையில், நாகலூர்ப் பக்கமுள்ள ஒரு காப்பித் தோட்டத்தில் 1993ஆம் ஆண்டு கள அலுவலராக வேலைக்குச் சேர்ந்தேன். தோட்டத்து வழக்கில் அந்த வேலைக்குக் கண்டக்டர் என்று பெயர். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டு எடுத்து அவர்களைக் காட்டுக்கு அனுப்புவதில் தொடங்கி, மாலையில் செக்ரோல் என்ற ஆள்கணக்கு எழுதி முடிப்பது வரை ஒவ்வொன்றுக்கும் அலுவலகத்தில் ஒரு பதிவேடு இருந்ததால், தனியாக நாட்குறிப்பு எதற்கு என்றுதான் முதல் ஆண்டில் நினைத்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது, ஓய்வுபெறும் நிலையில் இருந்த எங்கள் அலுவலகக் கணக்கர், ரைட்டர் ஐயா, ஒரு நாள் கேட்ட கேள்வி.

"பூ மழைக்கு முன்னாடி ஸ்பிரிங்க்ளர் போடாம நாலு நாள் நிறுத்தி வச்சியே தம்பி, அப்ப என்ன நினைச்சு நிறுத்தினே?"

எவ்வளவு மழை பெய்தது என்பது பதிவேட்டில் இருந்தது. நான் என்ன நினைத்தேன் என்பது எங்கும் இல்லை. யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை. 1994 தை மாதம், சேலத்து உரக்கடையில் கொடுத்த டைரியில் எழுதத் தொடங்கினேன்.

பூ மழை பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அராபிக்கா காப்பிச் செடியில் மொட்டுகள் தயாராகிக் காத்திருக்கும். மார்ச், ஏப்ரலில் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் மழை பெய்தால் எட்டு, பத்து நாளில் காடு முழுவதும் வெள்ளையாகப் பூத்துவிடும். அரையும் குறையுமாகப் பெய்தால் மொட்டுகள் சரியாக விரியாமல் நிறம் மாறிக் கருகும். எனவே அங்குலத்தில் நூறில் ஒரு பங்கான சென்ட் கணக்கில் நாங்கள் மழையை அளப்போம். 40 சென்ட் மட்டும் பெய்த நாளில், மீதியை வானம் தருமா, ஸ்பிரிங்க்ளரால் நாமே கொடுப்பதா என்பதை உடனே முடிவுசெய்ய வேண்டும். குளத்திலுள்ள தண்ணீரோ ஒரு சுற்றுக்குத்தான் போதும்.

ஏழு ஆண்டு டைரிகளை ஒருநாள் வரிசையாக வைத்து, மார்ச் மாதப் பக்கங்களை மட்டும் படித்தேன். "மேற்கே மேட்டூர்ப் பக்கம் மேகம் கட்டியிருக்கிறது, இரண்டு நாளில் வரும்" என்று 11 இடங்களில் எழுதியிருந்தேன். அதில் மழை வந்தது மூன்றே முறை. வந்த மூன்றும் என் மனத்தில் பசுமையாக நின்றன, வராத எட்டும் சுவடில்லாமல் போயிருந்தன. எழுதி வைக்காத மனிதனுக்கு இந்தக் கணக்கு ஆயுளுக்கும் தெரியவராது. அதற்குப் பிறகு மேட்டூர் மேகத்தை நம்பி ஸ்பிரிங்க்ளரை நான் தள்ளிப்போட்டதில்லை.

பென்சிலில்தான் எழுதுவேன். மழைக்காலத்தில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும் ஊரில் தாள் எப்போதும் ஈரம் கோத்திருக்கும். மை பரவும், பென்சில் எழுத்து அப்படியே நிற்கும்.

இந்தப் பழக்கம் எனக்குச் செய்த மிகப் பெரிய உதவி, என் தவறு ஒன்றை எனக்கே காட்டியது. காப்பிச் செடிக்கு வெள்ளைத் தண்டு துளைப்பான் என்ற வண்டு பெரும் பகை. அதன் புழு தண்டுக்குள் குடைந்துகொண்டே போகும். தண்டில் வளையம் வளையமாக மேடு தட்டும், இலை பழுக்கும், செடி போய்விடும். அக்டோபரில் வண்டுகள் வெளிப்பட்டுப் பறக்கத் தொடங்குவதற்குள், செப்டம்பரிலேயே வரிசை வரிசையாகச் செடிகளைத் தடவிப் பார்த்து, பாதித்தவற்றைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். ஓர் ஆண்டு மேல்காட்டில் 212 செடிகளை ஒன்றாகப் பிடுங்க நேர்ந்தது. முந்தைய ஆண்டு முறையாகத் தேடியிருந்தால் இவ்வளவு வந்திருக்காது. மேஸ்திரிதான் ஆட்களைச் சரியாகப் பார்க்கவிடவில்லை என்று உறுதியாக நம்பினேன். பெரட்டிலேயே, பத்துப் பேர் முன்னிலையில், அவரைக் கடிந்தும் பேசிவிட்டேன். என்னைவிட 15 வயது மூத்தவர் அவர்.

அன்றிரவு முந்தைய ஆண்டு டைரியை எடுத்தேன். செப்டம்பர் 19: "மேல்காடு பாதி பார்த்தோம். மதியம் மழை பிடித்தது. மீதியை நாளைக்குப் பார்க்கச் சொல்ல வேண்டும்." செப்டம்பர் 20 முழுக்க மருந்தடிப்பு, மயில்துத்தம், சுண்ணாம்பு, ஆள் கணக்கு. 21, 22, மாதக் கடைசி வரையிலும் மேல்காடு என்ற சொல்லே இல்லை. சொல்ல வேண்டியவன் நான், சொல்லவில்லை.

மறுநாள் பெரட்டில், அதே பத்துப் பேர் முன்னிலையில், அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டி மேஸ்திரியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "விடுங்க சார், அன்னிக்கு மழையில நானுந்தான் மறந்துட்டேன்" என்றார். அதன்பின் காட்டில் எது தவறினாலும் என்னிடம் முதலில் வந்து சொல்பவர் அவராகவே இருந்தார்.

வீட்டு விஷயத்தையும் வேலை விஷயத்தையும் ஒரே டைரியில் எழுதுவது சரியில்லை என்று நண்பர்கள் சிலர் சொல்வதுண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வரவும், அரசியலும், வீட்டுச் செய்தியும் சேர்ந்தே இருக்கின்றன. வாழ்வது ஒரே நாள்தானே என்பது என் எண்ணம்.

2009இல் அப்பா நோயில் விழுந்து சேலத்தில் மருத்துவமனையில் இருந்த மூன்று மாதமும், மாலையில் வேலை முடித்து 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிப் போய், இரவு அவர் கட்டிலருகே உட்கார்ந்து எழுதுவேன். "கஞ்சி அரை டம்ளர். அம்மா பெயரைச் சொன்னார்." பசி எப்போதிலிருந்து குறைந்தது என்று மருத்துவர் கேட்டபோது தேதியோடு சொல்ல முடிந்தது. அவரிடம் காட்டமுடியாத வரிகளும் அதில் உண்டு. சிறுவயதில் அப்பா என்னை அடித்ததற்கான கோபத்தை 40 வயதுக்கு மேல் முதன்முறையாக அங்கேதான் எழுதினேன். எழுதிய மறுநாள் அவருக்கு முகம் துடைத்துவிட்டபோது கை இயல்பாக இருந்தது. மனத்தை அழுத்தும் அனுபவங்களை நான்கு நாள் தொடர்ந்து எழுதியவர்கள் பின்னர் மருத்துவரிடம் போவது குறைந்ததாக அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் பல ஆண்டு கழித்துப் படித்தபோது, அந்தக் கட்டிலருகேதான் என் நினைவு போனது.

2021இல் ஓய்வுபெற்றேன். என் இடத்துக்கு வந்த இளம்பெண் வேளாண்மை படித்தவர். மழைக்கணக்கு, துளைப்பான் பதிவு எல்லாம் போனிலேயே வைத்திருக்கிறார். 27 ஆண்டு மார்ச், ஏப்ரல் பக்கங்களை அவருக்காக ஜெராக்ஸ் எடுத்தபோது, அந்தச் செப்டம்பர் 19ஆம் தேதிப் பக்கத்தையும் சேர்த்தே எடுத்துக் கொடுத்தேன். 2009ஆம் ஆண்டு டைரியை மட்டும் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவில்லை.