ஒரு நாள் குறைந்த கவாய்ப் பயணம்

2021 டிசம்பர் 4ஆம் தேதி சனிக்கிழமை, எட்டு வயது மகள் கொரோனா தடுப்பூசியின் இரண்டாவது தவணையைப் போட்டுக்கொண்டு, கையைத் தேய்த்தபடி மருந்துக்கடையிலிருந்து வெளியே வந்தாள். டிசம்பர் 18 காலை ஒன்பது மணிக்குக் கலிபோர்னியாவின் சான் ஹோசேயிலிருந்து ஹவாய் மாநிலத்தைச் சேர்ந்த கவாய்த் தீவுக்கு எங்களுக்கு விமானம். 5 முதல் 11 வயதுவரையுள்ள குழந்தைகளுக்கும் தடுப்பூசி போடலாம் என்று நவம்பர் தொடக்கத்தில் அமெரிக்காவில் அனுமதி வந்தபோது, முதல் தவணை, மூன்று வார இடைவெளி, இரண்டாவது தவணை, அதன்பின் இரண்டு வாரம் என்று கணக்குப் போட்டுத்தான் பயணச்சீட்டு எடுத்திருந்தேன். அன்றிரவு ஹவாய் மாநிலத்தின் விதியை மறுபடியும் நிதானமாகப் படித்தபோதுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. கடைசித் தவணைக்குப் பிந்தைய 15ஆம் நாளிலிருந்துதான் ஒருவர் தடுப்பூசி முடித்தவராகக் கருதப்படுவார். எங்கள் விமானம் புறப்படும் நாளோ 14ஆம் நாள்.

மதுரையிலிருந்து வந்திருந்த அம்மா இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. ஊசி போட்ட நாளையும் சேர்த்துத்தானே எண்ண வேண்டும், அப்படியானால் 18ஆம் தேதி பதினைந்தாம் நாள்தானே என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினார். நம் ஊரில் எல்லாக் கணக்கும் அப்படித்தான். குழந்தை பிறந்த பதினோராம் நாள் தீட்டுக் கழிக்கும்போது, பிறந்த நாளை விட்டுவிட்டு யாரும் எண்ணுவதில்லை. ஆனால் ஹவாய் மாநிலம் ஊசிக்கு மறுநாளிலிருந்தே எண்ணியது. ஒரே ஒரு நாள் குறைந்ததற்காக மகள் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியவர்களின் பட்டியலுக்குப் போனாள். அதே பட்டியலில் அம்மாவும் இருந்தார் என்பது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அன்றைய ஹவாய் விதிகளை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பெருந்தொற்றின் தொடக்கத்தில் வெளியிலிருந்து வரும் அனைவரையும் 14 நாள் தனிமையில் வைத்த அந்த மாநிலம், 2020 அக்டோபர் 15 முதல், புறப்படுவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனையில் தொற்று இல்லை என்று காட்டுபவர்களுக்கு அந்தத் தனிமையிலிருந்து விலக்கு அளித்தது. கவாய் மட்டும் அந்த டிசம்பரில் இத்திட்டத்திலிருந்து விலகிக்கொண்டு, 2021 ஏப்ரலில்தான் முழுமையாகத் திரும்பி வந்தது. அமெரிக்காவில் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்குப் பரிசோதனையும் வேண்டாம் என்ற சலுகை 2021 ஜூலை 8இல் வந்தது. அதை நம்பி ஆகஸ்டில் நாங்கள் ஒருமுறை கிளம்பப் பார்த்தோம்; டெல்டா வகைக் கொரோனா பரவி மருத்துவமனைகள் நிரம்பியதால், தயவுசெய்து இப்போது வராதீர்கள் என்று ஆளுநர் டேவிட் இகே அம்மாதம் 23ஆம் தேதி வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோளில் நியாயம் இருந்ததால் முணுமுணுக்காமல் கைவிட்டோம்.

டிசம்பரில் எரிச்சலூட்டியது வேறு விஷயம். அம்மா இந்தியாவில் கோவிஷீல்டு இரண்டு தவணையும் போட்டுக்கொண்டவர். நவம்பர் 8ஆம் தேதி அமெரிக்கா வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவைத் திறந்தபோது, அந்தத் தடுப்பூசியையும் இந்திய அரசின் கோவின் தளம் தந்த சான்றிதழையும் ஏற்றுக்கொண்டுதான் சான்பிரான்சிஸ்கோவில் அவரை உள்ளே விட்டார்கள். ஒரு நாட்டுக்குள் நுழையப் போதுமானதாக இருந்த அதே சான்றிதழ், அந்நாட்டின் ஒரு மாநிலத்துக்குள் நுழையப் போதாது என்று ஆனது, ஏனென்றால் ஹவாயின் விலக்கு அமெரிக்காவிலோ அதன் ஆட்சிப்பகுதிகளிலோ ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. இதைவிட வேடிக்கை, அம்மா டோக்கியோ வழியாக நேரே ஹொனலுலுவில் போய் இறங்கியிருந்தால் மாநிலத்தின் தனி நிபந்தனை எதுவும் அவரைத் தொட்டிருக்காது. மகன் வீட்டில் மூன்று வாரம் தங்கிவிட்டுக் கலிபோர்னியாவிலிருந்து கிளம்பியதால்தான் அவர் உள்நாட்டுப் பயணியாகி, உள்நாட்டு ஊசி இல்லாத குற்றத்துக்கு ஆளானார்.

நானும் மனைவியும் எங்கள் தடுப்பூசி அட்டைகளைக் கைப்பேசியில் படமெடுத்து ஹவாய் மாநிலத்தின் பயண இணையதளத்தில் ஏற்றினோம், வேலை முடிந்தது. அந்த அட்டை வெறும் தடித்த காகிதம். பெயரும் தேதியும் மருந்துக்கடை ஊழியரின் கையெழுத்தில் இருக்கும். அந்த ஆகஸ்டில்தான் மாடர்னா என்ற தடுப்பூசியின் பெயரையே எழுத்துப்பிழையோடு அச்சிட்ட போலி அட்டையைக் காட்டிய ஒரு பயணி ஹொனலுலுவில் கைதானார். கியூஆர் குறியீடும் பிரதமரின் படமும் போட்ட அம்மாவின் சான்றிதழையோ பதிவேற்றுவதற்கு அந்த இணையதளத்தில் இடமே இல்லை.

அம்மாவை விட்டுவிட்டுப் போகலாமே என்றால், பயணமே அவருக்காகத்தான். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளிடம் தீட்சை பெற்ற அமெரிக்கரான சிவாய சுப்பிரமுனியசுவாமி 1970இல் நிறுவிய சைவ மடம் கவாயில் வைலுவா ஆற்றங்கரையில் இருக்கிறது. கணபதி ஸ்தபதி வடிவமைத்து, பெங்களூரு அருகே சிற்பிகள் கையால் செதுக்கி, கப்பலில் கொண்டுபோன கருங்கற்களால் அங்கே எழும்பிக்கொண்டிருந்த, ‘இறைவன்’ என்றே பெயர்கொண்ட கோயிலைப் பற்றி அம்மா பல ஆண்டுகளுக்கு முன்பே எங்கோ படித்திருக்கிறார். உள்ளே விடாவிட்டாலும் பரவாயில்லை, அந்த மண்ணை மிதித்தால் போதும் என்பது அவருடைய நிலைப்பாடு.

தீவின் பக்கத்து நியாயத்தையும் மறுப்பதற்கில்லை. கவாயின் மக்கள்தொகை சுமார் 73,000. தீவிர சிகிச்சைப் படுக்கைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அங்கே இடமில்லை என்றால் நோயாளியை விமானத்தில் ஏற்றித்தான் அடுத்த தீவுக்குக் கொண்டுபோக வேண்டும். கப்பல்களில் வந்த நோய்கள் ஹவாய் மக்களை எப்படி அழித்தன என்பதும் அவர்களுக்கு மறக்கக்கூடிய வரலாறு அல்ல. அரசர் இரண்டாம் கமேஹமேஹாவும் அரசியும் 1824இல் லண்டனுக்குப் போன இடத்தில் தட்டம்மை கண்டு இறந்தார்கள். அதே கமேஹமேஹா மரபின் முதல் அரசர் 1804இல் கவாயைப் பிடிக்கப் படை திரட்டியபோது, ஒவாஹு என்ற இன்னொரு தீவில் பரவிய கொள்ளைநோய் அப்படையைச் சிதைத்ததால் கவாய் தப்பித்தது. எனவே பரிசோதனை கேட்டதற்காக அந்தத் தீவின் மேல் எனக்குக் கோபமில்லை. கேட்ட விதத்தின்மேல்தான் கோபம்.

அந்த விதம் இப்படிப்பட்டது. வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் இலவசமாகப் பரிசோதனை செய்த இடத்தின் முடிவு செல்லாது. மாநிலம் அங்கீகரித்த பட்டியலிலுள்ள நிறுவனங்களில்தான் எடுக்க வேண்டும். அரை மணியில் முடிவு சொல்லும் ஆன்டிஜன் பரிசோதனை செல்லாது. வைரஸின் மரபுப் பொருளைக் கண்டறியும் வகைதான் வேண்டும். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு முன்னால் மாதிரி எடுத்தால் 72 மணி நேரம் தாண்டிவிடும். மிகவும் தள்ளி எடுத்தால் முடிவு வராது, முடிவு கையில் இல்லாமல் விமானம் ஏறினால் பத்து நாள் தனிமை. எங்கள் பயணமே ஏழு இரவு. ஒமிக்ரான் பரவத் தொடங்கிய வாரம் என்பதால் முன்பதிவு கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. ஒருவழியாகப் பட்டியலில் இருந்த ஒரு மருந்துக்கடையில் புதன் பிற்பகலுக்கு இரண்டு இடம் கிடைத்தது.

மகளின் முடிவு வியாழன் இரவே வந்துவிட்டது. அம்மாவின் முடிவு வெள்ளி மதியம்வரை வரவில்லை. காரணம் நோயுமல்ல, ஆய்வகத்தின் தாமதமுமல்ல. நம் பெயர் வைக்கும் முறை. அம்மாவுக்கு ஒரே பெயர். கடவுச்சீட்டில் குடும்பப்பெயருக்கான கட்டம் காலி. இப்படிப்பட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயரைக் குடும்பப்பெயராக்கிவிட்டு, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில், முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கமான எஃப்என்யூ என்ற மூன்று எழுத்துகளை அச்சிட்டுவிடுவார்கள். விமானச் சீட்டிலும் ஹவாய்க் கணக்கிலும் நான் அப்படியே எழுதியிருந்தேன். ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகு பேசிய பெண், அந்தப் பெயரில் யாருமே இல்லை என்றார். வேறு வேறு விதமாகத் தேடச் சொன்னதில் ஒருவாறு கிடைத்தது: மருந்துக்கடையில் யாரோ அம்மாவின் பெயரையே இரண்டு கட்டத்திலும் இரண்டு முறை தட்டியிருந்தார்கள். தொற்று இல்லை என்று முடிவும் வந்திருந்தது. ஆனால் அறிக்கையில் ஒரு பெயர், பயணச்சீட்டில் இன்னொரு பெயர். திருத்த மூன்று வேலை நாள் ஆகும்.

எழுபது வயது மனுஷிக்குத் தன் பெயர் தெரியாதென்று எழுதி வைத்திருக்கிறார்களா என்று அம்மா கேட்டார். அதுவரை அந்த மூன்று எழுத்துக்கு அவர் பொருள் கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை.

வெள்ளி மாலை ஐந்து மணிக்கு, விமான நிலையத்துக்கு அருகே காரில் உட்கார்ந்தபடியே மாதிரி கொடுக்கும் ஓர் இடத்துக்குப் போனோம். பட்டியலில் உள்ள இடம்தான். அன்றே முடிவு தருவதற்கு நூற்றைம்பது டாலருக்குச் சற்றுக் குறைவாக வாங்கினார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற கார்கள் பலவற்றின் பின்புறம் அலைச்சறுக்குப் பலகைகள் தெரிந்தன. இந்த முறை ஊழியர் பெயரைத் தட்டும்போது நான் சன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தேன்; அவருக்கு அது பிடிக்கவில்லை. இரவு ஒன்பதே காலுக்கு முடிவு வந்தது. அதை ஏற்றி, நலக் கேள்விகளுக்குப் பதிலளித்து, நான்கு பேருக்கும் கியூஆர் குறியீடு வாங்கி முடித்தபோது பெட்டிகள் இன்னும் பாதிதான் நிரம்பியிருந்தன.

கவாயின் லிஹுவே விமான நிலையத்தில் சரிபார்க்கும் மேசையிலிருந்த பெரியவர் அம்மாவின் குறியீட்டைக் கருவியில் காட்டினார், முகத்தைப் பார்த்தார், அலோஹா என்றார். பத்து நொடிகூட ஆகவில்லை. வெளியே கார் நிறுத்துமிடத்தில் சேவல்களும் குஞ்சுகளுடன் கோழிகளும் சுற்றித் திரிந்தன; 1992இல் அடித்த இனிகி புயலில் கூண்டுகள் உடைந்து வெளியேறியவற்றின் வழித்தோன்றல்கள் என்று தீவில் சொல்கிறார்கள்.

“நம்ம ஊர்க்கோழி மாதிரியே இருக்கு, அப்பத்தா” என்றாள் மகள், அவள் மதுரையைப் பார்த்தது நான்கு வயதில்.

“இதுக்கெல்லாம் முதல் பேரு என்னன்னு உங்க அப்பன்கிட்டக் கேளு” என்றார் அம்மா.