விஸ்பி கவசம் ரெண்டாவது முயற்சி: இந்த தடவை கையைத் தூக்க முடியுது

ஒருவழியா ரெண்டாவது கோட் ஆஃப் பிளேட்ஸ் (தோலுக்கு உள்பக்கம் இரும்புத் தகடுங்களை ரிவெட் ஆணியால அடிச்சுப் பிடிச்ச பழங்காலக் கவசம்) முடிஞ்சுது. நேத்து ராத்திரி கடைசி ரிவெட்டை அடிச்சு முடிச்ச கையோட போட்டுப் பாத்தேன், ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கினேன், தூக்க முடிஞ்சுது. இதுல என்னடா பெருமைன்னு கேப்பீங்க. மொத கவசம் இன்னும் செவுத்துல ஆணியில தொங்கிட்டு இருக்கு, பாக்க பளபளன்னு சூப்பரா இருக்கும், ஆனா அதைப் போட்டா கை தோளுக்கு மேல போகாது, வாளை ஓங்கணும்னா மொத்த உடம்பையும் பின்னாடி சாய்க்கணும். எங்க குழுவுல மழுங்கின வாள் வச்சுப் போடற சண்டை மூணே மூணுதான் அதுல போட்டேன், மூணுலயும் அக்குள்ல ரத்தக்கட்டு. எதிராளி அடிச்சது இல்ல, கவசமே குடுத்தது.

அதனால இந்த தடவை என்ன செஞ்சேன்ங்கறதோட போன தடவை எங்க சொதப்புனேன்ங்கறதையும் சேத்தே எழுதறேன், ரெண்டையும் பிரிச்சு சொல்ல வராது.

எதுக்கு விஸ்பின்னா, 1361 ஜூலை 27 அன்னிக்கு காட்லாந்து தீவுல (இப்போ சுவீடன்ல இருக்கு) விஸ்பி நகரத்து மதிலுக்கு வெளிய டென்மார்க் ராஜா வால்டமார் அட்டர்டாக் படைக்கும் தீவு விவசாயிகளுக்கும் பெரிய சண்டை நடந்துச்சு. விவசாயிங்க பக்கம் பயங்கர அடி. நல்ல கோடை வெயில், பிணம் குவிஞ்சு கிடக்கு, கழட்டி எடுக்க யாருக்கும் பொறுமை இல்ல போல, நெறைய பேரை கவசத்தோடயே குழியில போட்டு மூடிட்டாங்க. 1905, 1912, அப்புறம் 1928லேர்ந்து 1930 வரைக்கும் அந்தக் குழிகளைத் தோண்டினாங்க. சுமார் 25 கோட் ஆஃப் பிளேட்ஸ் கிடைச்சுது. தோலும் துணியும் மக்கிப் போச்சு, ஆனா தகடுங்க துருவோட துருவா ஒட்டிக்கிட்டு அதே வரிசையில கிடந்துச்சு, எந்தத் தகடு எங்க, ரிவெட் எத்தனைன்னு ஒவ்வொண்ணா வரைஞ்சு வச்சிருக்காங்க. நம்மள மாதிரி கத்துக்குட்டிக்கு இதை விட நல்ல வரைபடம் எங்க கிடைக்கும். இன்னொரு வசதி, ஒண்ணுல விரல்விட்டு எண்ணற அளவு தகடுதான், இன்னொண்ணுல நூத்துக்கணக்குல பொடித்தகடு, அதனால நம்ம சோம்பேறித்தனத்துக்கு ஏத்தத எடுத்துக்கலாம். நான் கம்மி தகடு பக்கம் போனேன். அச்சு அசல் காப்பின்னு சொல்லிக்க மாட்டேன், அந்த ஜாடையில ஒண்ணு, அவ்ளோதான்.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி: இதுல தகடு உள்ள இருக்கும், தோல் வெளிய இருக்கும். வெளியிலேர்ந்து பாத்தா ரிவெட் தலைங்க மட்டும் வரிசையா தெரியும். நெறைய பேர் தகட்டை தோலுக்கு மேல அடிச்சுட்டு வருவாங்க, அது வேற சாமான்.

என்னோட கணக்கு: நெஞ்சுக்கு 3, வயித்துக்கு ஒரு வரிசையா நெட்டுக்குத்துல 7, ரெண்டு பக்கமும் முதுகு வரைக்கும் சுத்தி வர்ற ரெக்கைக்கு அஞ்சஞ்சா 10, முதுகுல தோள்பட்டை எலும்பு மேல 2. மொத்தம் 22 தகடு, 104 ரிவெட்.

சரி, மொத சொதப்பல். போன தடவை டி ஷர்ட் போட்டுக்கிட்டு நெஞ்சு சுத்தளவு எடுத்தேன். கவசத்துக்கு அடியில மெத்தை மாதிரி தைச்ச கேம்பிசன் போடணும்னு தெரியும், அது அமுங்கின பிறகு 2 செ.மீ. கனம், சரி இந்தப் பக்கம் 2 அந்தப் பக்கம் 2ன்னு 4 செ.மீ. கூட்டினேன். பள்ளிக்கூடத்துல வட்டத்துக்கு சுத்தளவு கணக்கு போட்டப்போ தூங்கிட்டு இருந்திருக்கேன். 2 செ.மீ. கனம் ஏறினா சுத்தளவு கிட்டத்தட்ட 12.5 செ.மீ. ஏறும், கனத்தை 2 × π (3.14) ஆல பெருக்கிப் பாருங்க. எட்டு செ.மீ.க்கு மேல பத்தாம போச்சு, பக்கிள் கடைசி ஓட்டைக்குக் கூட எட்டல, அப்புறம் வாரை நீட்டி ஒட்டுப் போட்டு என்னென்னமோ பண்ணி மாட்டினேன், மூச்சு வாங்க முடியல. இந்த தடவை கேம்பிசனை முழுசா தைச்சு முடிச்சு, அதை நாலு நாள் போட்டு ஓடி ஆடி அமுக்கி, அதுக்கு மேலதான் டேப்பையே வச்சேன்.

கேம்பிசன் பத்தி தனியாவே எழுதலாம், சுருக்கமா சொல்றேன். இதை சும்மா உள்சட்டைன்னு நினைக்காதீங்க, அடியோட வேகத்தை வாங்கறது இதுதான், தகடு அந்த அடியை பரவலாக்கிக் குடுக்குது. 15ஆம் நூற்றாண்டுல பிரான்ஸ் ராஜா 11ஆம் லூயி காலத்து உத்தரவு ஒண்ணு இருக்கு, இரும்பே இல்லாத துணிச் சட்டைக்கு, 25லேர்ந்து 30 மடிப்பு துணி, மேல மான் தோல், அதுவும் பழகி மெத்துன்னு ஆன துணியா இருந்தா நல்லதாம். என்னோடது தகட்டுக்கு அடியில போடறது, அதனால அவ்ளோ வேண்டாம், வெளிய லினன், உள்ள காட்டன் பஞ்சு விரிப்பு ரெண்டு அடுக்கு, நீட்டு வாக்குல தையல். லினன் பழசு, நூல் புதுசு, ஊசி மூணு உடைஞ்சுது.

அடுத்தது அட்டை. இந்த தடவை ரெண்டு வாரம் முழுக்க தகட்டைத் தொடவே இல்ல, கார்ட்போர்டுல தான் விளையாட்டு. அட்டைத் தகடுங்களை டேப் போட்டு பழைய துணியில ஒட்டி, கேம்பிசனுக்கு மேல மாட்டிக்கிட்டு கம்பை சுத்தினேன், குனிஞ்சேன், உக்காந்தேன், தரையில மல்லாக்க விழுந்து எழுந்தேன். எங்க அட்டை கசங்குதோ அங்க இரும்பா இருந்தா நம்ம உடம்பு கசங்கும், இதான் மொத்த சூட்சுமமே. முக்கியமா நெஞ்சுத் தகட்டோட அகலம். நிமிர்ந்து நின்னு கையைத் தொங்க விட்டுட்டு அளந்தா நெஞ்சு அகலமா தெரியும், நான் அப்படித்தான் போன தடவை அளந்து, விறைப்பா அட்டென்ஷன்ல நிக்கறவனுக்கு கவசம் செஞ்சுட்டேன். ரெண்டு கையையும் முன்னாடி கொண்டு வந்து வாளைப் பிடிக்கற மாதிரி நில்லுங்க, ரெண்டு தோளும் உள்ள வரும், தோள் மடிப்புக்கும் மடிப்புக்கும் நடுவுல மிச்சம் இருக்கற இடம்தான் மேல்தகட்டோட அகலம். எனக்கு ரெண்டு பக்கமும் சேத்து 7 செ.மீ. குறைஞ்சுது. இவ்ளோ ஒல்லியா இருந்தா நெஞ்சு மறையாதேன்னு பயமா இருந்துச்சு, ஆனா பழைய கவசங்களோட படத்தைப் பாத்தா எல்லாமே மேல குறுகி அக்குள் பக்கம் நல்லா வெட்டித்தான் இருக்கு, அவங்க ஒண்ணும் முட்டாள் இல்ல.

கீழ்ப்பக்கமும் அதே கதை. போன தடவை வயித்துக்கு ஒரே பெரிய தகடு, குனிஞ்சா அது தொடையில முட்டி மேல ஏறி நெஞ்சுத் தகட்டைத் தள்ளி அது நேரா தாடையில வந்து இடிக்கும். இப்போ 7 சின்னத் தகடு, பக்கத்துல பக்கத்துல ஒண்ணு மேல ஒண்ணு ஒன்றரை செ.மீ. ஏறி இருக்கற மாதிரி.

இரும்பு விஷயத்துக்கு வர்றேன். போன தடவை 2 மி.மீ. தகடு, கனமா இருந்தா பாதுகாப்புன்னு நினைப்பு. சதுர மீட்டருக்கு 15.7 கிலோ வரும், 1.2 மி.மீ. தகடுன்னா 9.4 கிலோதான். என் டிசைனுக்கு அரை சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல வேணும், அப்போ 8 கிலோவுக்கு மேல போறது 5 கிலோ சொச்சத்துல முடியுது. பலம் கனத்துல மட்டும் இல்ல, வளைவுல இருக்கு, தட்டையான தகட்டை விட லேசா குமிழ் குடுத்த மெல்லிசு தகடு அடியை நல்லா தாங்கும், சப்பைத் தகடு மடங்கிடும். சாதா மைல்ட் ஸ்டீல்தான். ஜி.ஐ. தகடு சும்மா கிடைக்குதேன்னு எடுத்து அதை மட்டும் சூடு பண்ணிடாதீங்க, மேல இருக்கற துத்தநாகம் புகையா வரும், அன்னிக்கு ராத்திரியே குளிர் ஜுரம் வந்து படுக்கணும்.

வெட்டறதுக்கு கைக்கத்திரி போதும், 1.2க்கு மேல போனா மணிக்கட்டு செத்துரும். வெட்டின பிறகு மூலையை எல்லாம் ரவுண்டு பண்ணி ஓரத்துப் பிசிறை அரம் போட்டு எடுத்தே ஆகணும். போன தடவை இதுல அலட்சியம், கூர் மூலைங்க உள்ளேர்ந்து தோலை அறுத்து ரெண்டாவது சண்டைக்கே வெளிய எட்டிப் பாத்துச்சு.

வளைக்கறது எல்லாம் குளிர்லயே. ஒரு மரக்கட்டையில கிண்ணம் மாதிரி பள்ளம் தோண்டி வச்சிருக்கேன், அதுல தகட்டை வச்சு உருண்டை முகம் இருக்கற சுத்தியால ஓரத்துலேர்ந்து சுத்திச் சுத்தி உள்ள வரணும். நடுவுல மட்டும் போட்டு சாத்தினா நடுவு இறங்கும், ஓரம் அலை அலையா நெளியும், அந்த நெளிவை எடுக்க ஒரு சாயந்திரம் போயிடும். அப்புறம் உருண்டைத் தலை இருக்கற இரும்புத் தூண் மேல கவுத்து வச்சு லேசான தட்டு. இங்க கண்ணை விட காதுதான் வேலை செய்யும். தகடு அடியில இரும்பைத் தொட்டு இருந்தா டிங்னு கேக்கும், தொடாம அந்தரத்துல இருந்தா தொப்னு கேக்கும், தொப்னு கேட்ட இடத்துல இன்னொரு தட்டு தட்டினா புதுசா ஒரு ஒடுக்கு விழும். முதல்ல டிங் வர்ற மாதிரி தகட்டை நகத்து, அப்புறம் அடி. இதைப் பிடிக்க எனக்கு ஆறு தகடு ஆச்சு, அந்த ஆறையும் முதுகுப் பக்கம் போட்டுட்டேன், யார் பாக்கப் போறா.

டிரில் போடறப்போ ஒரு விபத்து. தகட்டை கிளாம்ப் பண்ணாம கையில பிடிச்சேன், ஒரே ஒரு ஓட்டைதானேன்னு. பிட்டு கடிச்சு தகடு காத்தாடி மாதிரி சுத்துச்சு, கட்டைவிரல் அடியில நல்ல வெட்டு, ஒரு வாரம் வேலை நின்னுது. கிளாம்ப் போட பத்து செகண்டு ஆகும், எழுதவே வெக்கமா இருக்கு.

தோல் 3 மி.மீ., வெஜிடபிள் டேன் (மரப்பட்டைச் சாறு மாதிரி தாவரச் சரக்குல பதப்படுத்தினது). போன தடவை மெத்துன்னு இருக்குன்னு குரோம் டேன் (குரோமிய உப்புல பதப்படுத்தின) தோல் வாங்கி, அது இழுத்து இழுத்து நீண்டு தகடுங்க எல்லாம் கீழ இறங்கிருச்சு. இங்கதான் யாரும் சொல்லிக் குடுக்காத ஒரு விஷயம்: தோலை மேசையில விரிச்சு எல்லா ஓட்டையையும் ஒரே நாள்ல பஞ்ச் பண்ணிடாதீங்க. உடம்பைச் சுத்தி வளைக்கும்போது தோல் வெளி வட்டம், தகடு உள் வட்டம், தோலுக்கு கொஞ்சம் கூடுதல் நீளம் வேணும். தட்டையா வச்சு ரிவெட் அடிச்சா வளைக்கவே விடாது, விறைச்சுக்கிட்டு நிக்கும். நடுத்தகட்டுல ஆரம்பிச்சு, அதை அடிச்சுட்டு, வளைச்சுப் பிடிச்சு, அடுத்த தகட்டை வச்சு குறி போட்டு, அப்புறம்தான் அடுத்த ஓட்டை. நேரம் பிடிக்கும், வேற வழி இல்ல.

ரிவெட் 4 மி.மீ. மிருதுவான இரும்பு, தலை வெளிய தோல் மேல, வால் உள்ள தகட்டுப் பக்கம். வால் விட்டத்துல ஒன்றரை மடங்கு, அதாவது 6 மி.மீ. நீட்டிக்கிட்டு இருக்கணும், அதுக்கு மேல இருந்தா அடிக்கறப்போ சாஞ்சு படுத்துக்கும், கம்மியா இருந்தா தலை உருவாகாது. பெரிய சுத்தியால ஒரே போடு போடறது தப்பு, சின்ன சுத்தியால ஓரத்தைச் சுத்திச் சுத்தி இருபது தட்டு, காளான் மாதிரி விரியும். 104ல 27 ரிவெட்டை கிரைண்ட் பண்ணி எடுத்துட்டு மறுபடி அடிச்சேன், கடைசி முப்பதுல ஒண்ணு கூட எடுக்கல, அதுல ஒரு சின்ன சந்தோஷம்.

பக்கிள் எல்லாம் முதுகுல. விஸ்பியில நெறைய கவசம் அப்படித்தான், தலை வழியா மாட்டிக்கிட்டு ரெக்கை ரெண்டும் பின்னாடி போய் பூட்டும், முன்பக்கம் ஒரு சந்து கூட இல்ல. போன தடவை சௌகரியத்துக்கு நெஞ்சுல பக்கிள் வச்சிருந்தேன், எங்க குழுவுல இருக்கற அண்ணன் ஒருத்தர் பாத்துட்டு “என்ன தம்பி, ஸ்கூல் பையைத் திருப்பி மாட்டிட்டு வந்திருக்க”ன்னு கேட்டார், மூணு மாசம் அதே பேச்சு. இப்போ அதே அண்ணன்தான் எனக்கு பின்னாடி நின்னு பக்கிள் போட்டு விடறார், தனியா போடவும் முடியாது கழட்டவும் முடியாது.

சோதனைக்கும் அவரையே கூப்பிட்டேன். ஓரம் மழுங்கின வாள்தான், ஹெல்மெட், கழுத்துக் காப்பு, கையுறை எல்லாம் போட்ட பிறகுதான். முதல்ல பாதி வேகம். நெஞ்சுல விழுந்தப்போ வலியே இல்ல, யாரோ தள்ளி விட்ட மாதிரி ஒரு உந்தல், அவ்ளோதான். “இன்னும் கொஞ்சம் போடுங்கண்ணே”ன்னு வாய் விட்டேன். அடுத்த அடி இடது விலாவுல, அங்க ரெண்டு தகடு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கற அளவு அரை செ.மீ. கூட இல்ல, வளைச்சுக் குறி போடறப்போ கை நகந்திருக்கு. நாலு நாளைக்கு தும்மக் கூட முடியல. அந்த ரெண்டு தகட்டையும் கழட்டி, ஒண்ணை அகலமா வெட்டி மாத்தினேன், அதோட கடைசி ரிவெட்தான் நேத்து அடிச்சது.

துரு பத்தி ஒண்ணு, வியர்வை பட்ட தகடு ஒரே ராத்திரியில சிவந்துரும், உள்பக்கம் கைக்கு எட்டாது, அதனால ரிவெட் அடிக்கறதுக்கு முன்னாடியே தகட்டைச் சூடு காட்டி தேன்மெழுகு தடவிட்டேன். தாங்குதான்னு பாப்போம்.

அடுத்தது கால். விஸ்பி எலும்புக்கூடுங்கள்ல முழங்காலுக்குக் கீழ வெட்டு விழுந்தது அவ்ளோ இருக்கு, அதைப் படிச்ச பிறகு நெஞ்சை மட்டும் மூடிக்கிட்டு போய் நிக்க ஒரு மாதிரியா இருக்கு. இப்பவும் வலது கால்ல அட்டையைக் கட்டிக்கிட்டுதான் டைப் பண்றேன், காலை மடக்கினா முட்டிக்குப் பின்னாடி குத்துது, அங்க ஒரு விரல் அகலம் வெட்டணும்.