மடிக்கணினிக்குள் ஒரு லாகின் சர்வர்: டாக்கரில் கீகிளோக்கை அமைத்த அனுபவம்

குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஓபன்ஐடி கனெக்ட் (செயலிகள் லாகின் வேலையைத் தனி சர்வரிடம் விடுவதற்கான பொது நெறிமுறை) வழியாக லாகின் எப்படி நடக்கிறது என்று காட்ட வேண்டியிருந்தது. டாக்கர் என்பது மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி; அந்தப் பெட்டிக்கான அச்சுதான் இமேஜ். இமேஜ்களை ஒருமுறை இறக்கிவிட்டால் அதன்பின் இணையமே இல்லாமல் அவரவர் மடிக்கணினியில் ஓட வேண்டும் என்பது என் விருப்பம். கீகிளோக்கைத் தேர்ந்தெடுத்தேன். லாகினைக் கவனித்துக்கொள்ளும் சர்வர் அது, 2014 முதல் இருக்கும் திறந்த மூல மென்பொருள். கடவுச்சொல்லில் தொடங்கி பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாதனத்தில் உள்ள சாவியால் லாகின் செய்வது) வரை எல்லாவற்றையும் அதில் காட்டலாம். கூடவே ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், நோடில் (ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் மென்பொருள்) எழுதிய சிறு செயலி. எல்லாம் ஒரே கம்போஸ் கோப்பில், அதாவது பல கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டச் சொல்லும் கோப்பில்.

கன்டெய்னர்களை ஓடவிடுவதில் சிரமம் ஏதும் இல்லை. சிக்கல் முகவரியில்தான் இருக்கிறது. பலரும் கைவிடுவது இந்த இடத்தில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் (ஒரு கணினி தன்னையே குறிக்கும் பெயர்) 8080க்குப் போனால் லாகின் பக்கம் வருகிறது. கடவுச்சொல் கொடுத்ததும் உலாவி ஒரு குறியீட்டோடு செயலிக்குத் திரும்புகிறது. அந்தக் குறியீட்டைக் கொடுத்து டோக்கன் (லாகின் ஆனதற்கான டிஜிட்டல் சீட்டு) வாங்க வேண்டியது செயலி. அதுவும் லோக்கல்ஹோஸ்டைத்தான் தேடுகிறது. ஆனால் கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரேதான். அங்கே கீகிளோக் ஏது? இணைப்பு மறுக்கப்பட்டதாக செயலியின் பதிவில் (லாக்) பிழை வருகிறது. கம்போஸ் கோப்பிலுள்ள சேவைப் பெயரைக் கொடுத்தால் செயலி போய்ச் சேர்ந்துவிடும். உலாவிக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆளுக்கொரு முகவரி கொடுத்தாலும் தீராது. ஹோஸ்ட் பெயரை நிலையாக அமைக்காதவரை, கேட்பவர் எந்த முகவரியில் வந்தாரோ அதையே கீகிளோக் தன் முகவரியாகச் சொல்கிறது. டோக்கனை வழங்கிய முகவரியோ செயலி எதிர்பார்ப்பதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தியாக வேண்டும். இல்லையென்றால் செயலி அதை ஏற்காது.

இந்தச் சரிபார்ப்பை நிறுத்திவைக்கும் வசதி சில கருவிகளில் உண்டு. நான் அதைத் தொடவில்லை. யாரும் தொடக் கூடாது என்பேன். மாதிரிக்காக எழுதிய கோப்பைத்தான் நாளை யாரோ உண்மையான சர்வரில் அப்படியே ஏற்றுவார்கள்.

உலாவியும் கன்டெய்னர்களும் சர்வரை ஒரே பெயரால் அழைத்தால் பிரச்சினை தீர்கிறது. லாகின்.டெஸ்ட் என்று வைத்தேன். டெஸ்ட் என்று முடியும் பெயர்கள் 1999 முதலே சோதனைக்கென ஒதுக்கப்பட்டவை. யாருடைய தளத்தோடும் மோதாது. மடிக்கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் (எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று சொல்லும் பட்டியல்) அந்தப் பெயரை 127.0.0.1க்குத் திருப்பினேன். கம்போஸ் நெட்வொர்க்கில் அதையே மாற்றுப்பெயராகக் கொடுத்தேன். கீகிளோக்கின் ஹோஸ்ட் பெயர் அமைப்பிலும் அதுவே. போர்ட் எண்ணும் உள்ளேயும் வெளியேயும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

இப்படிப் பெயர் வைத்தால் எச்டிடிபிஎஸ் தேவைப்படுகிறது. உலாவிகள் லோக்கல்ஹோஸ்டுக்குக் காட்டும் சலுகை இந்தப் பெயருக்குக் கிடையாது. பாதுகாப்பான இணைப்பு இல்லாவிட்டால் பாஸ்கீ இயங்காது. அதனால் முன்னால் ஒரு என்ஜின்எக்ஸ் (வரும் கோரிக்கைகளைப் பின்னால் உள்ள சர்வருக்குக் கடத்தும் வெப் சர்வர்) கன்டெய்னரை நிறுத்தி, மாற்றுப்பெயரை அதற்குக் கொடுத்து, எம்கேசெர்ட் கருவியால் சான்றிதழ் எடுத்தேன். அது மடிக்கணினியிலேயே மற்ற சான்றிதழ்களுக்குக் கையெழுத்திடும் ஒரு மூலச் சான்றிதழை உருவாக்கி, உலாவி அதை நம்பும்படி செய்துவிடுகிறது. கன்டெய்னருக்குள் ஓடும் நோடுக்கு அது தெரியாது. மூலச் சான்றிதழை உள்ளே மவுன்ட் செய்து (கன்டெய்னருக்குள்ளும் தெரியும்படி இணைத்து), அது இருக்கும் இடத்தைச் சூழல் மாறி ஒன்றில் குறிப்பிட வேண்டும். அதன் ரகசியச் சாவியை மட்டும் குழுவில் பகிரவே கூடாது. அது கையில் இருப்பவர் எந்தத் தளத்தின் பெயரிலும் உங்கள் உலாவி நம்பக்கூடிய சான்றிதழைத் தயாரித்துவிடலாம். அவரவர் கணினியில் அவரவரே உருவாக்கிக்கொள்ளட்டும்.

பயனர்களையும் செயலியின் விவரங்களையும் ஒரு ஜேசன் கோப்பில் எழுதிவைத்தால், கீகிளோக் தொடங்கும்போது தானே ஏற்றிக்கொள்கிறது. ஆனால் அதே ரெல்ம் (பயனர்களும் செயலிகளும் அடங்கிய தொகுப்பு) டேட்டாபேஸில் ஏற்கெனவே இருந்தால் கோப்பைத் தாண்டிப் போய்விடும். கோப்பில் திருத்தம் செய்தவர்கள் வால்யூமையும் (டேட்டாபேஸின் தகவல்கள் சேமிக்கப்படும் இடம்) சேர்த்து அழித்துவிட்டுத் தொடங்க வேண்டும். அப்படி அழிக்கும்போது பதிவுசெய்த பாஸ்கீக்களும் சர்வரிலிருந்து போய்விடுகின்றன. பாஸ்கீயின் மடிக்கணினியில் உள்ள பாதி மட்டும் தங்கிவிடுகிறது. அடுத்த முறை உலாவி அந்தப் பழைய பாஸ்கீயையே முன்னால் நீட்டும், சர்வர் ஏற்க மறுக்கும். பாஸ்கீ மேலாளரில் லாகின்.டெஸ்ட் பெயரில் இருப்பதை நீக்கிவிட்டுப் புதிதாகப் பதிவுசெய்யுங்கள்.