சார்ல்சனுக்கு அந்த வேடத்தைக் கொடுத்திருக்கலாமா?

நாடக இயக்குநர் ரிச்சர்ட் அயர் செய்தது சரிதான் என்று ஒரு நாள் தோன்றுகிறது, மறுநாள் தோன்றுவதில்லை. 1989 செப்டம்பரில், லண்டன் நேஷனல் தியேட்டரில், அயர் இயக்கிய ஷேக்ஸ்பியர் நாடகத்தில் நாயகன் ஹாம்லெட்டை டேனியல் டே-லூயிஸ் ஆடிக்கொண்டிருக்கும்போதே பாதியில் மேடையை விட்டுப் போய்விட்டார். மிச்சத்தை மாற்று நடிகர் ஜெரமி நார்தம் ஆடி முடித்தார். அக்டோபரில் அந்த வேடத்துக்கு வந்தவர் இயன் சார்ல்சன். அவருக்கு எய்ட்ஸ். அது அயருக்குத் தெரியும், தெரிந்தேதான் வேடத்தைக் கொடுத்தார்.

ஓடிக்கொண்டிருக்கும் நாடகத்துக்குள் புது நாயகனை நுழைப்பது லேசான காரியமில்லை. ஹாம்லெட்டுக்கு ஏறத்தாழ 1,500 வரிகள், ஆனால் மனப்பாடம் செய்வதுதான் அதில் சுலபமான பாதி. எந்த வரியில் நகர்வது, எங்கே நிற்பது, விளக்கு எங்கே விழும் எல்லாமே இன்னொருவர் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. மற்ற நடிகர்கள் இரவில் ஆட வேண்டியவர்கள், அதனால் பகலில் கொஞ்ச நேரம்தான் ஒத்திகைக்குக் கிடைப்பார்கள். அந்த நேரத்தையும் பெரும்பாலும் வாள் சண்டையே தின்றுவிடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் சண்டையை ஒருமுறை மெதுவாக ஓட்டிப் பார்ப்பார்கள், ஏனென்றால் ஓரடி தள்ளி நின்றாலும் வாள்முனை கண்ணருகே போய்விடும். அந்தச் சண்டை வருவதோ கடைசிக் காட்சியில், மூன்று மணி நேரத்துக்கு மேல் பேசித் தொண்டையும் காலும் ஓய்ந்த பிறகு. அதற்கு முன்னால் நாயகனுக்கு நீண்ட ஓய்வு என்றால், இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டபின் கல்லறைக் காட்சிக்குத் திரும்பும் வரைதான். அவன் காதலி ஒஃபீலியாவுக்குச் சித்தம் கலங்குவது அந்த இடைவெளியில்.

முழுத் தெம்புள்ளவரையே தள்ளாட வைக்கிற வேலை இது. நோயால் முகம் வீங்கிப்போன ஒருவரிடம் இதைக் கொடுப்பதைக் கருணை என்பதா?

அயர் பக்கமும் நியாயம் இருக்கிறது. சார்ல்சன் அவருக்குப் புதியவர் அல்ல. 1982இல் அயர் இயக்கிய 'கைஸ் அண்ட் டால்ஸ்' இசை நாடகத்தில் ஸ்கை மாஸ்டர்சனாக ஆடியவர். எடின்பரோவில் பிறந்து, அங்கேயே பல்கலைக்கழகம், பிறகு லண்டனில் நடிப்புப் பள்ளி, யங் விக் நாடக அரங்கு, ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் ஏரியல் வேடம் என்று மேடை வழியாகவே வளர்ந்தவர். சினிமாவில் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' (1981). அதில் அவர் ஏற்ற வேடமான எரிக் லிடெல் என்ற பக்திமானான ஓட்டக்காரர், பந்தயத்துக்குப் பிறகு கூட்டத்திடம் பேசும் பேச்சை அவரே எழுதினார், அதற்காக பைபிளை முழுதும் படித்தார். அடுத்த ஆண்டு 'காந்தி' படத்தில் ரயில் கூரையில் ஏறிப் பயணம் செய்யும் பாதிரியார் ஆண்ட்ரூஸ், நம்மவர்களுக்கு நினைவிருக்கும். அதன்பின் சினிமா அவரைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பது என் எண்ணம். 1988இல் நேஷனலில் டென்னஸி வில்லியம்ஸ் நாடகத்தில் பிரிக் என்ற வேடம். அடுத்தது ஹாம்லெட்.

நவம்பர் 13 வரை ஆடினார். அந்த ஆண்டின் சிறந்த நடிகர் விருதை வாங்கிய இயன் மெக்கெல்லன், அது சார்ல்சனுக்கே சேர வேண்டியது என்று சிலையை அவரிடமே கொடுத்துவிட்டார். 1990 ஜனவரி 6 அன்று சார்ல்சன் இறந்தார். வயது 40.

ஜெயித்ததனால் முடிவு சரியாகிவிடுமா? அவரும் பாதியில் சரிந்திருந்தால் இதே அயரை நாம் பொறுப்பில்லாதவர் என்றிருப்போம். ஆனால் அந்த வேடம் முதலில் சாய்த்தது 32 வயது டே-லூயிஸைத்தானே? அவரிடம் மருத்துவச் சான்றிதழ் கேட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? பக்கவாட்டில் தினமும் தயாராக நிற்கும் மாற்று நடிகர், எதிரே வாள் பிடிப்பவர், இவர்கள் தலையிலும் அந்த ஆபத்தில் பங்கு விழுகிறது. இதைப் பாராட்டுரைகளில் யாரும் எழுதுவதில்லை.

தன் சாவுக்கான காரணத்தை இறந்தபின் வெளியில் சொல்லச் சொன்னவரும் சார்ல்சன்தான். பிரிட்டனில் அன்று நடிகர்கள் யாரும் செய்யாதது. எதை எப்போது வெளியிடுவது என்று தெளிவாக முடிவெடுக்கத் தெரிந்தவருக்கு, தன்னால் மேடையேற முடியுமா என்பதும் தெரிந்திருக்கும் என்று வாதிடலாம். ஆனால் வேடத்துக்கு ஆசைப்படும் நடிகர் தன் உடம்பைப் பற்றிச் சொல்வதை எவ்வளவு தூரம் நம்புவது? எந்த ஒத்திகை அறையிலும், 'முடியும்' என்றுதான் சொல்வார்கள்.

இன்று அந்த நிலையில் ஒருவர் வந்தால், வேடத்தைக் கொடுத்துவிட்டுச் சண்டையை மட்டும் பாதியாகச் சுருக்கச் சொல்வேன் என்று நினைக்கிறேன். சார்ல்சன் அதற்கு ஒப்புக்கொண்டிருப்பாரா என்பது வேறு.